வாத்துத் தோட்டாவில் இரும்பு ரவைக்கு வளையம் எதற்கு? உருண்டையாக இருந்தால் போதாதா?

காவேரிப்பட்டணம்_லேத்:

எல்லோருக்கும் வணக்கம். ஓசூர் சிப்காட்டில் பதினாறு வருஷமாக லேத், கிரைண்டிங் வேலை பார்க்கிறேன். துப்பாக்கி விஷயம் எனக்குக் கொஞ்சம்தான் தெரியும், ஆனால் இரும்பு உருண்டை என்றால் கையில் எடுத்ததுமே அளவு சொல்லிவிடுவேன். அதனால்தான் இந்தக் கேள்வி இரண்டு வாரமாக மண்டையைக் குடைகிறது.

தங்கச்சி வீட்டுக்காரர் அமெரிக்காவில், மின்னசோட்டாவில் இருக்கிறார். அங்கே லைசென்ஸ் எடுத்து, வாத்து முத்திரை (வேட்டைக்காரர்கள் வாங்க வேண்டிய அரசு ஸ்டாம்ப்) வாங்கி, சீசனில் வாத்து வேட்டைக்குப் போவது சட்டப்படி நடக்கிற விஷயம். கூட வேலை செய்பவர்களோடு போன வருஷம்தான் மாப்பிள்ளை முதல் தடவையாகப் போனார். போன ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் பேசும்போது, அவருடைய நண்பர் ஒரு தோட்டாவிலிருந்து எடுத்து வைத்திருந்த ரவையை, அதாவது உள்ளே அடைத்திருக்கும் சின்னச் சின்னக் குண்டுகளை, உள்ளங்கையில் கொட்டிக் காட்டினார். பாதிக்கு மேல் சாதாரண பால்ரஸ் மாதிரி வழவழப்பான உருண்டை. மீதி எல்லாம் இடுப்பில் ஒட்டியாணம் கட்டியது போல நடுவில் ஒரு பட்டையோடு இருந்தன. சனிக்கிரகத்துப் படம் போல.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏனென்றால் பால்ரஸ் செய்யும்போது கம்பியை வெட்டி இரண்டு அச்சுக்கு நடுவில் வைத்து அழுத்தினால் வருவது சரியாக இந்த வடிவம்தான். நடுவில் பிதுங்கி நிற்கும் அந்தப் பட்டை எங்கள் கணக்கில் பிசிறு. அதை எடுத்துவிட்டு, தேய்த்துத் தேய்த்து உருண்டையாக்குவதுதான் பாதி வேலையே. இங்கே என்னடாவென்றால் அந்தப் பட்டையை வேண்டுமென்றே வைத்து, அதற்குக் கூடுதல் விலையும் வாங்குகிறார்கள். இன்னொரு கம்பெனி கிட்டத்தட்ட கனசதுரமாகவே ரவை செய்கிறதாம், தாயக்கட்டையின் முனையை மழுக்கினது போல.

மாப்பிள்ளை என்னிடம் கேட்கிறார்: "மச்சான், நீங்க இரும்பு வேலைக்காரர், சொல்லுங்க, எதை வாங்கட்டும்?" என்ன சொல்ல? காற்றில் பறக்கிற பொருளுக்கு உருண்டையை விட இந்த வடிவம் எப்படி நல்லதாகும்? தெரிந்தவர்கள் விளக்கமாகச் சொல்லுங்கள். நம்மூரில் வேட்டை குற்றம் என்பது தெரியும், அந்தப் பேச்சே இல்லை.


பாலக்கோடு_மின்னியாபொலிஸ்:

நான் பாலக்கோட்டுக்காரன், இங்கே வந்து பதினொரு வருஷம், அதில் ஏழு சீசன் வாத்துக்குப் போயிருக்கிறேன். உங்கள் மாப்பிள்ளை காட்டிய ரவை எது என்று தெரிந்துவிட்டது, ஃபெடரல் கம்பெனியின் பிளாக் கிளவுட். அந்த கம்பெனியே இதே மாநிலத்தில் அனோகா என்ற ஊரில்தான் இருக்கிறது. கனசதுர ரவை வின்செஸ்டரின் பிளைண்ட் சைட்.

வடிவத்துக்கு வருவதற்கு முன்னால் ஏன் இரும்பு என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும், இல்லாவிட்டால் இந்த வளையம், சதுரம் எல்லாம் எதற்கு வந்தது என்றே புரியாது. முன்பு எல்லாம் ஈய ரவைதான். 1991-இலிருந்து அமெரிக்கா முழுவதும் நீர்ப்பறவை வேட்டைக்கு ஈயம் கூடாது. ஈயத்தின் அடர்த்தி 11-க்கு மேல், இரும்பு 7.86. அதாவது அதே பருமனில் இரும்பு ரவை மூன்றில் ஒரு பங்கு எடை குறைவு. எடை குறைந்தால் காற்று சீக்கிரம் நிறுத்திவிடும். மழைக்கு ஒதுங்கி நிற்கும்போது கூழாங்கல்லையும் ஆமணக்கங்கொட்டையையும் ஒரே வேகத்தில் வீசிப் பாருங்கள், அதேதான்.

அதற்கு முதல் மருந்து பருமனைக் கூட்டுவது. இங்கே ரவைக்கு நம்பர் உண்டு, நம்பர் குறையக் குறைய ரவை பெரிது. 17-இலிருந்து நம்பரைக் கழித்தால் விட்டம் அங்குலத்தில் நூறில் எத்தனை என்று வரும். 4-ஆம் நம்பர் 0.13 அங்குலம், அதாவது 3.3 மில்லிமீட்டர். 2-ஆம் நம்பர் 0.15, அதாவது 3.8 மில்லிமீட்டர். 4-ஆம் நம்பர் ஈய ரவை ஒன்று சுமார் 0.21 கிராம், 2-ஆம் நம்பர் இரும்பு ஒன்று சுமார் 0.23 கிராம். அதனால்தான் "ஈயத்திலிருந்து இரும்புக்கு வந்தால் இரண்டு நம்பர் பெரிதாக எடு" என்று இங்கே எல்லோரும் சொல்வார்கள்.

ஆனால் பருமன் கூடினால் தோட்டாவுக்குள் எண்ணிக்கை குறையும். இரும்பு எடை குறைவு, இடம் மட்டும் நிறைய அடைக்கும். 12 கேஜ் (குழல் அளவு) துப்பாக்கிக்கு மூன்றரை அங்குலத் தோட்டா என்று ஒன்று 1988-இல் வந்ததே இந்த இடநெருக்கடிக்காகத்தான். கனசதுர யோசனையும் அங்கிருந்துதான் பிறக்கிறது. உருண்டைகளைக் கொட்டினால் இடத்தில் ஏறக்குறைய 64 சதவீதம்தான் நிரம்பும், மீதி சந்து. செங்கல் போல அடுக்கினால் சந்து குறையும், அதே தோட்டாவில் கூடுதல் ரவை பிடிக்கும்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கூடுதல் ரவை என்றால் கூடுதல் எடை. கூடுதல் எடையை அதே அழுத்தத்தில் தள்ளினால் வேகம் குறையும். பை பெரிதாக இருக்கிறது என்பதற்காக மூட்டையைக் கூட்டினால் சைக்கிள் அதே வேகத்தில் போகுமா?

வளையத்துக்குச் சொல்லும் காரணம் வேறு. வழவழப்பான உருண்டை இறகைச் சுருட்டி உள்ளே இழுத்துக்கொண்டு போகும், பட்டை இருந்தால் இறகையும் தோலையும் வெட்டும், காயம் அகலமாகும், பறவை உடனே விழும் என்கிறார்கள். நான் இரண்டையும் சுட்டிருக்கிறேன். 25 கெஜத்துக்குள் வளைய ரவை நன்றாகவே வேலை செய்கிறது, ஆனால் அந்தத் தூரத்தில் உருண்டையும் அதே வேலையைச் செய்கிறது. 40 கெஜத்தில் எனக்கு உருண்டைதான் திருப்தி. இது என் துப்பாக்கியின் கதை, உங்கள் மாப்பிள்ளை துப்பாக்கியில் வேறு மாதிரி இருக்கலாம்.


ஷாட்பிளாஸ்ட்_ஓசூர்:

லேத்து அண்ணா, நானும் சிப்காட்தான். வார்ப்பு, ஃபோர்ஜிங் பீஸ்களுக்கு ஷாட் பிளாஸ்டிங் செய்கிற ஷாப்பில் சூப்பர்வைசர். நாள் முழுக்க இரும்பு ரவையை இரும்பு மேல் அடித்துக்கொண்டிருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்.

எங்களிடம் இரண்டு வகை உண்டு. ஷாட் என்றால் உருண்டை, கிரிட் என்றால் உருண்டையை உடைத்துச் செய்த முனையுள்ள துணுக்கு. உருண்டை சுத்தியல் மாதிரி தட்டும், கிரிட் உளி மாதிரி செதுக்கும். பெயிண்ட் பிடிக்கச் சொரசொரப்பு வேண்டும் என்றால் கிரிட் போடுவோம். ஆனால் ஸ்பிரிங், கியர் போன்றவற்றுக்குப் பீனிங் (ரவையால் தட்டி மேல்பரப்பை உறுதியாக்குவது) செய்யும்போது ஒரு உடைந்த ரவைகூட இருக்கக் கூடாது, சல்லடை போட்டுச் சரிவுப் பலகையில் உருட்டி, உருளாததை எல்லாம் கழித்துவிடுவோம். உடைந்தது எங்கே போய் எப்படி அடிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது, உருண்டை மட்டும்தான் நாம் சொன்ன இடத்தில் சொன்ன மாதிரி அடிக்கும். எந்தப் பக்கம் திரும்பினாலும் அதற்கு ஒரே முகம்தானே.

அதனால் பட்டை வைத்தால் வெட்டும் என்பதை நம்புகிறேன். ஆனால் ரவையை வீசுகிற எங்கள் சக்கரத்திலிருந்து பீஸுக்கு இரண்டு மூன்று அடி, அந்த ரவை பறக்கப்போவது நூற்றிருபது அடி. அவ்வளவு தூரம் போவதற்குள் காற்று சும்மா விடுமா? ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். உருண்டை 3.8, பட்டையோடு சேர்த்து 4.3 என்று வைத்துக்கொள்வோம். பட்டை தட்டுப் போல முகம் காட்டி வந்தால் காற்றை இடிக்கிற பரப்பு கால் பங்குக்கு மேல் கூடிவிடும், எடை அந்த அளவுக்குக் கூடாது. ஓரம் காட்டி வந்தால் அவ்வளவு பாதிப்பு இல்லை. ஆனால் ஒவ்வொரு ரவையும் எந்தப் பக்கம் காட்டும், எத்தனை தரம் புரளும் என்பது யார் கையிலும் இல்லை. கனசதுரத்துக்கு இன்னும் மோசம். பாடப்புத்தகக் கணக்கில், ஒலி வேகத்துக்கு நன்றாகக் கீழே, உருண்டையின் இழுவைக் குணகம் (வடிவத்தைக் காற்று எவ்வளவு இழுக்கும் என்கிற எண்) 0.5-க்குப் பக்கத்தில். கனசதுரம் நேராக முகம் காட்டினால் 1-ஐத் தாண்டும். ஒலி வேகத்துக்கு மேலே உருண்டையும் ஏறக்குறைய 1-க்கு வந்துவிடுவதால் குழலை விட்டுக் கிளம்பும்போது வித்தியாசம் குறைவாகத்தான் இருக்கும். போகப் போக, வேகம் இறங்க இறங்கத்தான் வடிவம் தன் வேலையைக் காட்டும்.

அப்புறம் ஒரு முக்கியமான விஷயம், இதை யாராவது படித்துவிட்டு விபரீதமாக யோசிக்கக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். அந்தத் தோட்டாவில் இருப்பது பால்ரஸ் இல்லை. பதப்படுத்தி மென்மையாக்கிய குறைந்த கார்பன் இரும்பு. பேரிங் குண்டின் கடினம் ராக்வெல் அளவில் 60-க்கு மேல் இருக்கும், எங்கள் பிளாஸ்டிங் ரவையே 40, 50 இருக்கும். அதை எல்லாம் துப்பாக்கிக் குழலில் விட்டால் குழல் உட்பக்கம் உழுத நிலம் மாதிரி ஆகிவிடும், அதற்கு மேலும் நடக்கும். பார்க்க ஒரே மாதிரி இருக்கிறது என்று நினைக்கவே வேண்டாம்.


ஏரிக்கரை_கிருஷ்ணகிரி:

நான் வேட்டைக்கு எதிரானவன், பறவை பார்க்கிறவன். கே.ஆர்.பி. அணை, பாரூர் ஏரி, கெலவரப்பள்ளி, எங்கே தண்ணீர் இருந்தாலும் டிசம்பர், ஜனவரியில் பைனாகுலரோடு நிற்பேன். இருந்தாலும் இந்தத் திரியைப் பார்த்து விலகிப் போக மனம் வரவில்லை, ஏனென்றால் ஈயத்தை ஏன் நிறுத்தினார்கள் என்பதை யாரும் முழுதாகச் சொல்லவில்லை.

வாத்துக்குப் பல் கிடையாது. தின்ற தானியத்தை அரைக்க மணலும் சிறு கல்லும் சேர்த்து விழுங்கும், இரைப்பைக்கு அடுத்திருக்கும் அந்தக் கெட்டித் தசைப் பையில் (நம் வீட்டில் கோழி சுத்தம் செய்யும்போது உரிப்போமே, கோழிக் கற்குடல்) அதெல்லாம் திரிகை மாதிரி அரைபடும். ஏரிச் சேற்றில் வருஷக்கணக்காக விழுந்து கிடக்கும் ஈய ரவை அதற்குக் கல்லாகத்தான் தெரியும். விழுங்கினால் அந்தத் திரிகையே ஈயத்தைத் தேய்த்து இரத்தத்தில் கலந்துவிடும். சிறகு தொங்கி, எழ முடியாமல், பட்டினியில் சாகும். அதைத் தின்கிற கழுகுக்கும் விஷம் ஏறும். ஃப்ராங்க் பெல்ரோஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1959-லேயே இதை விரிவாக எழுதிவிட்டார், சட்டம் முழுதாக வர முப்பது வருஷத்துக்கு மேல் ஆனது. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஈரநிலங்களில் ஈய ரவைக்குத் தடை 2023-இல்தான் வந்தது.

ஆகவே இரும்பு ரவை சுடுகிறவர்களின் வசதிக்காக வந்தது இல்லை. சுடப்படாத வாத்துக்காக வந்தது. அந்த மாப்பிள்ளை எந்த வடிவத்தை வாங்கினாலும் அடிபட்டுப் பறந்து போய் எங்கோ நாணலுக்குள் சாகிற பறவை இல்லாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். தூரத்தில் போவதைச் சுடாமல் விட்டாலே அதில் பெரும்பங்கு குறையும்.

நம் பக்கத்துக்கும் ஒரு வார்த்தை. தளி, அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் நாட்டுத் துப்பாக்கியும் ஈய ரவையும் இன்னும் ஒழியவில்லை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் ஏரிக்கு வருகிற ஊசிவால் வாத்தோ கிளுவையோ எதைச் சுட்டாலும் குற்றம். மங்கோலியா, சைபீரியாப் பக்கத்திலிருந்து இமயத்தைத் தாண்டி வருகிற உயிர் அது.


தர்மபுரி_டிராப்:

நான் போட்டியில் பறக்க விடும் களிமண் தட்டைத் துப்பாக்கியால் சுடுகிறவன், உயிருள்ள எதையும் சுட்டது இல்லை. எங்கள் போட்டிக்கு 24 கிராம் ஈய ரவை. ஆனால் ரவை எப்படி விரிகிறது என்பதுதான் எங்களுக்குச் சோறு போடுகிற விஷயம், அதனால் அதை மட்டும் சொல்கிறேன்.

ஈயம் மென்மையானது. சுட்ட கணத்தில் பின்னாலிருந்து வருகிற தள்ளலில் அடியில் இருக்கிற ரவை நசுங்கும். நசுங்கியது நேராகப் போகாது, கூட்டத்தை விட்டு விலகிப் போகும். அதற்காகத்தான் ஈயத்தோடு ஆன்டிமனி சேர்த்துக் கடினமாக்குவது, செம்பு முலாம் பூசுவது எல்லாம். இரும்பு நசுங்கவே நசுங்காது. அதாவது இரும்பின் ஒரே பெரிய வரம், குழலை விட்டு வரும்போதும் உருண்டையாகவே இருப்பது. அந்த வரத்தைக் கொடுத்துவிட்டு வளையம் வாங்குகிறோமா என்பதுதான் என் கேள்வி. கம்பெனிக்காரர்களுக்கும் இது தெரியும். அதனால்தான் வளைய ரவையைத் தனியாக அடைக்காமல் உருண்டையோடு கலக்கிறார்கள், ரவையைத் தாங்கும் பிளாஸ்டிக் கிண்ணத்தையும் மாற்றி, குழலைத் தாண்டிச் சிறிது தூரம் வரை ரவையைப் பிடித்து வைத்திருந்து பிறகு விடுகிற மாதிரி செய்திருக்கிறார்கள். நன்றாகக் கூட்டமாக விழுகிறது என்று யாராவது சொன்னால் அதில் ரவை வடிவத்தை விட அந்தக் கிண்ணத்துக்குத்தான் பங்கு அதிகம் என்பது என் கணிப்பு.

வடிவம் கோணலாக இருந்தால் எல்லாம் வீண் என்றும் சொல்ல மாட்டேன். 2000-களின் தொடக்கத்தில் ஹெவி-ஷாட் என்று டங்ஸ்டன், நிக்கல், இரும்பு கலந்த ரவை வந்தது. அடர்த்தி 12. பார்த்தால் சிரிப்பு வரும், வாலோடு ஒன்று, இரட்டையாக ஒட்டியது ஒன்று, முட்டை மாதிரி ஒன்று. ஆனால் தூரத்தில் அது இரும்பைத் தோற்கடித்தது. அடர்த்தி கையில் இருந்தால் கோணலை மன்னிக்கலாம். 7.86-ஐ வைத்துக்கொண்டிருக்கிற இரும்புக்கு அந்தச் சலுகை கிடையாது.

மாப்பிள்ளைக்கு என் யோசனை, யார் பேச்சையும் கேட்க வேண்டாம், என் பேச்சையும் சேர்த்துத்தான். பெரிய பேப்பர் கட்டி, 40 கெஜத்தில் நின்று ஒரு வெடி. அடர்த்தியான இடத்தை நடுவாக வைத்து 30 அங்குல வட்டம் போட்டு உள்ளே எத்தனை ஓட்டை என்று எண்ணச் சொல்லுங்கள். மூன்றாவது, நான்காவது பேப்பர் வரை செய்தால்தான் நம்பலாம், ஒரு பேப்பர் பொய் சொல்லும். சோக் (குழல் முனையில் இருக்கும் குறுக்கம்) அதிகமாக இறுக்க வேண்டாம், இரும்புக்கு மாடிஃபைடு என்கிற நடுத்தர இறுக்கம் போதும். ஃபுல் என்கிற மிக இறுக்கமான சோக்கில் பெரிய இரும்பு ரவையை விட்டால் குழல் முனை வீங்கிய கதைகள் உண்டு. தாத்தா காலத்துத் துப்பாக்கி என்றால் இரும்பு ரவையே கூடாது.


காவேரிப்பட்டணம்_லேத்:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு விளக்கம் வரும் என்று நினைக்கவில்லை. மாப்பிள்ளையிடம் எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன், ஏரிக்கரை அண்ணா எழுதியதை இரண்டு தடவை படிக்கச் சொன்னார்.

மூன்று வாரம் கழித்து இப்போது எழுதுகிறேன். போன சனிக்கிழமை ரேஞ்சுக்குப் போய்ப் பேப்பரில் சுட்டுப் படம் அனுப்பினார். இரண்டும் 2-ஆம் நம்பர், மூன்று அங்குலத் தோட்டா, ஒண்ணேகால் அவுன்ஸ், அதாவது கணக்குப்படி 156 ரவை. மாடிஃபைடு சோக். ஒவ்வொன்றிலும் நான்கு பேப்பர். நான் இங்கே உட்கார்ந்து போட்டோவைப் பெரிதாக்கி ஸ்கெட்ச் பேனாவால் புள்ளி வைத்து வைத்து எண்ணினேன், வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு.

25 கெஜத்தில் இரண்டுக்கும் என்னால் வித்தியாசம் சொல்ல முடியவில்லை. 40 கெஜத்தில் உருண்டை மட்டும் இருக்கிற தோட்டா நான்கு பேப்பரிலும் 110-க்குப் பக்கத்திலேயே நின்றது, இரண்டு மூன்று முன்னே பின்னே. வளையம் கலந்தது ஒரு பேப்பரில் 117, அடுத்ததில் 94. சராசரி பார்த்தால் பெரிய தோல்வி இல்லை. ஆனால் 94 வந்த பேப்பரில் இடது கீழ்ப்பக்கம் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு ஓட்டைகூட இல்லை. ஒரு வாத்து அதில் தாராளமாக உட்காரும்.

இன்னொன்று. உருண்டை போட்ட ஓட்டை எல்லாம் பஞ்ச் அடித்த மாதிரி ஒரே அளவு. வளையம் போட்டதில் சில ஓட்டை நீளமாக, சில ஓரம் கிழிந்து. புரண்டு புரண்டு வந்திருக்கிறது என்பது பேப்பரிலேயே தெரிகிறது. ஷாட்பிளாஸ்ட் தம்பி சொன்னது அப்படியே.


பாலக்கோடு_மின்னியாபொலிஸ்:

அருமையாகச் செய்திருக்கிறீர்கள் அண்ணா, இங்கே பத்து வருஷமாகப் போகிறவர்களில் பாதிப் பேர் பேப்பரில் சுட்டுப் பார்த்ததே இல்லை. அந்த வெறுமை உள்ள பேப்பர்தான் முக்கியம். சராசரியைப் பார்க்காதீர்கள், மோசமான பேப்பரைப் பாருங்கள். பறவைக்கு நேர்வது சராசரி இல்லை, அந்த ஒரு வெடிதான்.

வளையம் கலந்த பெட்டி ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது என்றால் வீணாக்க வேண்டாம். டிகாய் வாத்து (பறவையை வரவழைக்கத் தண்ணீரில் விடும் பொம்மை வாத்து) போட்டு, பறவை கால் நீட்டி இறங்கும்போது மட்டும் சுடுகிற இடத்தில் பயன்படுத்தட்டும். அதில் ஒரு கவனம், அந்தத் தோட்டாவில் பழைய வகைக் கிண்ணம் என்றால் பக்கவாட்டில் துளை போட்ட சோக் வேண்டாம், பிளாஸ்டிக் கிண்ணம் திறக்கிற முறையை அது கெடுத்துவிடும்; பிறகு வந்த புது வகைக் கிண்ணம் அந்தச் சோக்கிலும் வேலை செய்யும் என்கிறது கம்பெனி.


காவேரிப்பட்டணம்_லேத்:

இரண்டு பெட்டி வாங்கியிருந்தாராம், ஒன்று பிரிக்கவே இல்லை, கடையில் திருப்பி எடுக்க மாட்டார்களாம். நண்பருக்குக் கொடுத்துவிட்டு உருண்டை 2-ஆம் நம்பர் வாங்கிவிட்டார். சோக்கில் துளை இல்லை, பார்த்தாயிற்று. தூரம் தெரிவதற்காகத் தான் உட்காருகிற இடத்திலிருந்து 35 கெஜத்தில் ஒரு குச்சி நட்டுவைக்கப் போகிறாராம், அதற்கு அப்பால் போவதைச் சுடுவதில்லை என்று தங்கச்சியிடமும் சொல்லிவிட்டார்.

ஏரிக்கரை அண்ணா, டிசம்பரில் கே.ஆர்.பி. அணைக்கு எந்தப் பக்கம் வந்தால் ஊசிவால் வாத்து பார்க்கலாம்? பையனைக் கூட்டிக்கொண்டு வருகிறேன், பைனாகுலர் மட்டும் உங்களுடையது.